டிரான்ஸ்ஜெலின் ஊசி மருந்து அல்ல

மனித டிரான்ஸ்ஜெலின் புரதத்தை ஊசியாகப் போட்டால் கைத்தசை ஏறும் என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். வணக்கம் நண்பரே, அது ஆய்வகச் சோதனைக்கு மட்டுமான பொருள். தசை சுருங்க உதவும் ஆக்டின் என்ற புரத இழைகளோடு ஒட்டும் இந்தப் புரதம் அதிகம் இருப்பது ரத்தக்குழாய், குடல், கருப்பை போன்றவற்றின் மென்தசையில். டம்பெல் தூக்குவதோ வேறு வகையான எலும்புத்தசை. பெரும்பாலும் ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரிப்பதால் அதன் நச்சு மிச்சம் இருக்கலாம். ரத்தத்தில் கலந்தால் குளிர்காய்ச்சலில் தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

குப்பியோடு வரும் விவரத்தாளைப் பாருங்கள்: ஆராய்ச்சிக்கு மட்டும் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். யூனிப்ராட் என்ற புரதத் தகவல் தளத்தில் கியூ01995 என்று தேடினால் புரதத்தின் விவரம் இலவசமாகக் கிடைக்கும்.

அப்புறம், ஏற்கெனவே போட்டுக்கொண்ட யாருக்காவது நடுக்கம், காய்ச்சல் இருந்தால் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடனே போகட்டும், குப்பியையும் எடுத்துக்கொண்டு.