வாளிக்குள் ஒரு நேர்கோடு

ஒருவர் கண்ணுக்கு எந்தக் கோடு நேர்செங்குத்தாகத் தெரிகிறது என்று பார்த்து, உடலின் சமநிலை உணர்வை அளப்பதுதான் நிமிர்கோடு சோதனை. அதற்கு இருட்டறையும் தனிக் கருவியும் வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. ஒரு பிளாஸ்டிக் வாளியே போதும். யாங்கோனில் என் அண்ணிக்கு அப்படித்தான் பார்த்தார்கள். வாளியின் உள்ளே, அடியில் ஒரு கோடு. முகத்தை உள்ளே நுழைத்துவிட்டால் சுவர், கதவு எதுவும் துணைக்கு வராது. மருத்துவர் வாளியைச் சாய்த்து மெல்லத் திருப்ப, "நிமிர்ந்துவிட்டது" என்று அண்ணி சொன்ன இடத்தில் நிறுத்தினார். இப்படிப் பல தடவை. கன்னத்தில் பூசியிருந்த தனக்கா (பர்மியப் பெண்கள் பூசும் மரப்பட்டைக் குழம்பு) வாளி விளிம்பெல்லாம் ஒட்டிக்கொண்டது. வெளிப்புறக் கோணமானியில் தூக்குக்குண்டு காட்டிய சராசரி, இடப்பக்கம் 9 பாகை. நலமானவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு, இரண்டரைக்குள் அடங்கிவிடும். கொத்தனாரான அண்ணன் திகைத்துப் போனார்: "என் சுவரைக் கோணல் என்று சொல்பவளே இவள்தான்!"

கட்டுரை விட்டது ஒன்று உண்டு. சமநிலையை உணரும் உள்காதில் திடீர்ப் பழுது என்றால் கோடு பெரும்பாலும் பழுதான பக்கமே சாயும். மூளைத்தண்டின் மேற்பகுதியில் பாதிப்பு என்றால் எதிர்ப்பக்கம். ஆகவே சாய்வை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. சில வாரங்களில் மூளை ஈடுகட்டிக்கொள்வதால் சாய்வும் குறையும். அண்ணிக்கு ஆறாவது வாரம் 3 பாகை. நடை மட்டும் இன்னும் சுவரோரம்தான்.