கொல்ல ஒரு கமாண்ட் போதும், காப்பாற்றத்தான் ஆளில்லை

சனிக்கிழமை ராத்திரி பத்தரை மணி. லாக் ஃபைலின் கடைசி வரியில் 94 சதவீதம் என்று இருந்தது. இன்னும் ஏழு, ஏழரை மணி நேரம் ஓடினால் வேலை முடிந்துவிடும். ஆனால் என் ஜாபுக்கு, அதாவது நான் ஓட விட்ட அந்த வேலைக்கு, ஒதுக்கிய நேரத்தில் மிச்சம் இருந்ததோ நாலரை மணி நேரம். செவ்வாய் விடியற்காலை 3 மணியிலிருந்து 64 பிராசஸர் கோரில் ஓடிக்கொண்டிருக்கும் ஜாப் அது. ஒரு செடியின் ஜீனோமைத் துண்டு துண்டாகக் கோத்தெடுக்கும் வேலை.

பல கம்ப்யூட்டர்களைச் சேர்த்துக் கட்டிய எங்கள் கிளஸ்டரில், யாருடைய ஜாப் எப்போது ஓடும் என்ற க்யூவை ஸ்லர்ம் என்ற மென்பொருள்தான் பார்த்துக்கொள்கிறது. எஸ்கண்ட்ரோல் அப்டேட் என்று அடித்து, ஜாப் நம்பரைக் கொடுத்து, நேரத்தை 12 மணி நேரம் கூட்டக் கேட்டேன். அனுமதி இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. இதே கமாண்டில் நேரத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மறுபேச்சே இல்லாமல் குறைத்திருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் ஜாபின் நேரத்தை அதன் சொந்தக்காரர் குறைக்கலாம், ஆனால் கூட்டுவதற்கு அட்மின்தான் வர வேண்டும். விதி அப்படி.

விதிக்குக் காரணம் இருக்கிறது, எனக்கும் தெரியும். ஆளாளுக்கு நேரத்தை நீட்டினால் பின்னால் காத்திருப்பவர் கதி என்ன? எந்த ஜாப் எப்போது முடியும் என்ற கணக்கை வைத்துத்தான் சின்ன ஜாப்களை இடைவெளியில் நுழைக்கிறது ஸ்லர்ம். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கு, எது காலியாக இருக்கிறது என்று காட்டும் எஸ்இன்ஃபோ கமாண்டைப் போட்டுப் பார்த்தேன். ஒன்பது நோடு, அதாவது ஒன்பது கம்ப்யூட்டர், சும்மா கிடந்தது! யாரும் காத்திருக்கவில்லை. யாருக்கும் நான் இடைஞ்சல் இல்லை. அப்படியிருந்தும் என் ஜாப் சாக வேண்டும்.

அட்மின் அலுவலக எண்ணுக்கு நாலு தடவை அடித்தேன், எடுக்க ஆளில்லை. மெயில் போட்டேன். மூன்று மணி வரை தூங்காமல் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நேரம் முடிந்ததும் ஸ்லர்ம் முதலில் "நிறுத்து" என்று ஒரு சிக்னல் அனுப்பும். வழக்கமான அமைப்பில் அதற்கப்புறம் 30 நொடிதான் அவகாசம், உடனே கொன்றுவிடும். ஐந்து நாள் சேர்த்து மெமரியில் வைத்திருந்ததை 30 நொடியில் எந்த புரோகிராம் எழுதி முடிக்கும்? பழைய ஜாப்களின் பதிவைக் காட்டும் எஸ்அக்ட் போட்டால் ஜாபின் நிலை டைம்அவுட், நேரம் தீர்ந்தது. அவ்வளவுதான்.

நடுநடுவே சேமித்து, நின்ற இடத்திலிருந்து தொடர செக்பாயிண்ட் வைத்திருக்கலாமே என்று சொல்லாதவர்கள் இல்லை. அந்த புரோகிராம் நான் எழுதியதல்ல, அதில் அந்த வசதியே கிடையாது, முடிவைக் கடைசியில்தான் எழுதும். முதலிலேயே கூடுதல் நேரம் கேட்டிருக்கலாமே என்றும் சொல்கிறார்கள். கிளஸ்டரில் நான் ஜாப் போட்ட பிரிவில், அதாவது அந்த பார்ட்டிஷனில், கேட்க முடிந்த அதிகபட்சமே ஐந்து நாள்தான், ஐயா!

திங்கட்கிழமை பத்தேமுக்காலுக்குப் பதில் வந்தது. "நீங்கள் குறிப்பிட்ட ஜாப் நம்பர் இல்லையே, சரிபார்க்கவும்." எப்படி இருக்கும்? முடிந்த ஜாபை ஸ்லர்ம் வழக்கமாக ஐந்து நிமிடத்தில் தன் நினைவிலிருந்து நீக்கிவிடும். அப்புறம் எஸ்கண்ட்ரோலில் தேடினால் செல்லாத நம்பர் என்றுதான் சொல்லும். எஸ்அக்டில் தேட வேண்டும் என்பது அட்மினுக்குத் தெரியாதா? படித்தபோது கை நடுங்கியது எனக்கு.

நேரத்தைக் கூட்ட இத்தனை பூட்டு போட்டவர்கள் கொல்வதற்கு ஒரு பூட்டாவது வைத்தார்களா? ஜாபைக் கொல்லும் ஸ்கேன்செல் கமாண்ட் எதையும் கேட்காது. எங்கள் லேபில் புதிதாகச் சேர்ந்த பெண், க்யூவில் காத்திருந்த தன் ஜாப்களை மட்டும் எடுக்க நினைத்து மைனஸ் யூ போட்டுத் தன் பெயரைக் கொடுத்தாள். ஓடிக்கொண்டிருந்த நாற்பதும் சேர்ந்து போய்விட்டன. பெண்டிங் மட்டும் என்று ஒரு சொல் சேர்த்திருக்க வேண்டுமாம். கேட்டுவிட்டுச் செய்ய மைனஸ் ஐ என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அதை நாம்தான் போட வேண்டும். ஃபோனில் ஒரு போட்டோவை அழிப்பதற்கே "அழிக்கவா?" என்று கேட்கிற காலம் இது. அந்தப் பெண் ஒரு வாரம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

சரி, ஒவ்வொன்றாகப் பார்த்து எடுக்கலாம் என்றால் க்யூவைக் காட்டும் எஸ்க்யூ வழக்கமாக ஜாப் பெயரில் முதல் எட்டு எழுத்தைத்தான் காட்டும். ஒரே மாதிரி பெயர் வைத்த பன்னிரண்டு ஜாபும் ஒன்றுபோலவே நிற்கும், எது எது என்று தெரியாது. நேரத்தை வெறும் 48 என்று எழுதினால் 48 மணி நேரம் இல்லை, 48 நிமிடம். மெமரிக்கு 64 என்றால் 64 ஜிபி இல்லை, 64 எம்பி. இதெல்லாம் மேனுவலில் இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும். ஜாபைப் போடும்போதே "இது 48 நிமிடம்தான், தெரியுமா?" என்று ஒரு வரி காட்டினால் எத்தனை பேருடைய ராத்திரி மிச்சமாகும்!

நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. சனி, ஞாயிறில் ஃபோனை எடுக்க ஒருவர். ஸ்கேன்செல் அடித்தால் ஒரு தடவை கேட்கும்படி எல்லோருக்கும் ஒரு ஏற்பாடு. குறித்த நேரத்தைத் தாண்டி இத்தனை நிமிடம் ஓடலாம் என்று விட ஸ்லர்மிலேயே ஒரு செட்டிங் இருக்கிறது, வழக்கமாக அது பூஜ்யத்தில் இருக்கும். க்யூ காலியாக இருக்கும் நாளிலாவது அதைக் கொஞ்சம் தளர்த்தக்கூடாதா?

எனக்கு எதைவிடவும் வலிப்பது இதுதான். கைக்கு ஒரு பைட்டும் வராத அந்த 7,680 கோர்-மணி நேரமும் (64 கோர், ஒவ்வொன்றும் 120 மணி நேரம்) என் கணக்கில் ஏறிவிட்டது. நிறைய உபயோகித்தவருக்கு முன்னுரிமை குறைவு. ஜாப் முடிந்ததா, கொல்லப்பட்டதா என்று அந்தக் கணக்கு பார்ப்பதில்லை. நேற்று காலையில் அதே ஜாபை, அதே ஸ்கிரிப்டோடு, மறுபடி போட்டேன். இப்போது எஸ்க்யூ அடித்தால் நிலை என்ற இடத்தில் பிடி என்று இரண்டு எழுத்து நிற்கிறது, அதாவது பெண்டிங். காரணம் என்ற இடத்தில் பிரியாரிட்டி.