கிராமர் என்றால் லத்தீன் மட்டும்தான் என்றிருந்த காலம்

'கிராமர் தெரியாது' என்று அடுத்தவரை மட்டம் தட்டுகிறவர்கள் அந்தச் சொல் இங்கிலாந்தில் பட்ட பாட்டைக் கொஞ்சம் படிக்க வேண்டும். ஆங்கிலத்தில் முதலில் அந்தச் சொல்லே புழக்கத்தில் இல்லை. கி.பி. 1000-ஐ ஒட்டி ஏல்ஃப்ரிக் என்ற துறவி, சின்னப் பையன்களுக்காக லத்தீன் இலக்கணத்தை ஆங்கிலத்திலேயே எழுதினார். இலக்கணத்துக்கு அவர் பயன்படுத்திய பெயர் ஸ்டாஃப்கிராஃப்ட், எழுத்துக் கலை. பிரதிப்பெயரை 'பெயருக்குப் பதிலாக நிற்பது' என்று தன் மொழியிலேயே விளக்கினார். நூல்களின் பொருளைத் திறக்கும் சாவி இந்தக் கலைதான் என்று முன்னுரையில் எழுதியவர், இது இரண்டு மொழிக்குமே ஒரு தொடக்கமாக இருக்கும் என்றும் சொன்னார். என்ன ஒரு தெளிவு!

1066-இல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்ததும் படிப்பெல்லாம் லத்தீனுக்கும் பிரெஞ்சுக்கும் போய்விட்டது. 'கிராமர்' பிரெஞ்சு வழியாக உள்ளே வந்தது. அதன் கிரேக்க மூலத்துக்கும் எழுத்துக் கலை என்றுதான் பொருள், ஆனால் இங்கிலாந்தில் கிராமர் என்றாலே லத்தீன், கிராமர் ஸ்கூல் என்றால் லத்தீன் சொல்லித்தரும் இடம், அந்த லத்தீனுக்கும் பையன்கள் பிரெஞ்சில்தான் பொருள் சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத சனங்களுக்கு லத்தீன் புத்தகம் வைத்திருப்பவர் மேல் ஒரு பயம் வேறு. 'கிராமரி' என்ற வடிவத்துக்கு மந்திர வித்தை என்ற பொருளே ஏறிவிட்டது. பிற்காலத்தில் ஸ்காட்லாந்தில் 'கிராமர்' திரிந்துதான் 'கிளாமர்' பிறந்தது, முதலில் அதற்கும் மாய வித்தை என்றுதான் பொருள்.

என் மனதில் நிற்கிறவர் ஜான் கார்ன்வால் என்ற வாத்தியார். 1348-49 கொள்ளைநோய்க்குப் பிறகு அவர் தன் பள்ளியில் பிரெஞ்சை விட்டுவிட்டு, பையன்களை ஆங்கிலத்தில் பொருள் சொல்ல வைத்தார். 1385-இல் ஜான் ட்ரெவிசா என்ற மொழிபெயர்ப்பாளர் எழுதுகிறார்: இப்போது இங்கிலாந்தின் எல்லா கிராமர் பள்ளிகளிலும் இதே முறைதான், பிள்ளைகள் முன்பைவிடச் சீக்கிரம் கிராமர் கற்றுக்கொள்கிறார்கள். நஷ்டத்தையும் அவர் மறைக்கவில்லை: பிரெஞ்சு விஷயத்தில் அவர்களின் இடது குதிகாலுக்குத் தெரிந்ததுதான் அவர்களுக்கும் தெரியும், கடல் கடந்து போனால் கஷ்டம்தான் என்கிறார். சரி, அந்த நஷ்டம் உண்மைதான், ஆனாலும் தாய்மொழியில் புரிந்துகொண்ட பையனுக்குக் கிடைத்தது அதைவிடப் பெரிது என்று நான் அடித்துச் சொல்வேன்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆங்கிலத்துக்கு அந்தச் சொல்லில் பங்கு கிடைக்க இன்னும் 200 வருடம் ஆனது. ஆங்கிலத்துக்கென்று முதல் இலக்கணத்தை வில்லியம் புல்லோக்கர் 1586-இல் அச்சிட்டார், அவரும் லத்தீன் இலக்கணத்தை மாதிரியாக வைத்துத்தான் எழுதினார்.