"அப்புறம் என்னத்தக் கிழிச்சாங்க?"

துகள் இயற்பியலுக்குக் கொட்டும் பணம் வீணா என்ற நேற்றைய விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஹிக்ஸ் போசான் என்ற துகளைக் கண்டுபிடித்த பிறகு விஞ்ஞானிகள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. "ஹிக்ஸுக்கு அப்புறம் என்னத்தக் கிழிச்சாங்க?" என்று அங்கே பேச வந்த ஒருவர் கேட்டதும் அரங்கமே சிரித்தது. நெறியாளரும் சேர்ந்துகொண்டார். சரி, சிரிக்கட்டும்.

மற்ற அடிப்படைத் துகள்களுக்கு நிறை எப்படி வருகிறது என்பதை விளக்கும் அந்த ஹிக்ஸ் போசான் மட்டும் ஒரே நாளில் வந்து விழுந்ததா? 1964-ல் தாளில் எழுதிய கணிப்பு அது. ஐரோப்பாவின் துகள் ஆய்வு மையமான செர்ன் அது கிடைத்ததாக அறிவித்தது 2012 ஜூலை 4-ல். நடுவில் 48 வருடம் என்ன நடந்தது? "இங்கே இல்லை, இங்கேயும் இல்லை" என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள், அவ்வளவுதான். துகள்களை மோதவிட்டுப் பார்க்கும் செர்னின் பழைய இயந்திரமான லெப் கொலைடர் 2000-ல் ஓய்ந்தபோது 114 ஜி.இ.வி. (துகளின் நிறையைச் சொல்லும் அலகு) வரை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனது. அமெரிக்காவின் மோதல் இயந்திரமான டெவட்ரான் 160-ஐ ஒட்டிய பகுதியில் இல்லை என்றது. கடைசியில் லெப்புக்குப் பிறகு செர்ன் கட்டிய பெரிய இயந்திரமான எல்.எச்.சி.யில் 125-க்கு அருகே அகப்பட்டது. தேடிப் பார்த்து இல்லை என்று சொல்வதும் கண்டுபிடிப்புதான் ஐயா.

என் முனைவர் பட்டமே ஒரு "இல்லை"தான். தெரிந்த ஒவ்வொரு துகளுக்கும் ஒரு ஜோடித் துகள் உண்டு என்னும் சூப்பர் சிமெட்ரி கோட்பாடு கணித்த துகள் ஒன்றைத் தரவுகளில் தேடினேன். இந்த நிறைக்குக் கீழே இல்லை என்பதே முடிவு. தங்கை கல்யாணப் பந்தியில் பெரியப்பா கேட்டார்: "இத்தன வருஷமா தேடுனியே தம்பி, கெடைச்சுதா?" இல்லை என்றேன். "அப்ப எதுக்குப்பா பட்டம் குடுத்தாங்க?" இலையில் சாம்பார் ஊற்ற வந்தவர்கூடச் சிரித்தார்.

பணம் வீண் என்பீர்கள். ஐ.பி.எல். ஏலத்தை வாய் பிளந்து பார்க்கிறவர்களிடம் அதைப் பற்றிப் பேச எனக்குத் தெம்பில்லை. புதுத் துகள்கள் கிடைக்கும் என்று கோட்பாட்டாளர்கள் அதிகமாக ஆசை காட்டினார்கள் என்பீர்கள். காட்டினார்கள்தான். அதற்கு எல்.எச்.சி. என்ன செய்யும்? 2015 டிசம்பரில் 750 ஜி.இ.வி. அருகே எல்.எச்.சி. தரவுகளில் ஒரு சின்ன மேடு தெரிந்தது, புதுத் துகளோ என்று எண்ண வைக்கும் மேடு. நூற்றுக்கணக்கில் கட்டுரைகள் குவிந்தன. 2016 ஆகஸ்டில், கூடுதல் தரவு வந்ததும் மேடு கரைந்துபோனது. அதைச் சொன்னது யார்? முதலில் காட்டிய அதே அட்லஸ், சி.எம்.எஸ். என்ற எல்.எச்.சி. ஆய்வுக் குழுக்கள்தான். நேற்று அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவராவது, தான் போன மாதம் சொன்னது தப்பு என்று எப்போதாவது சொல்லியிருக்கிறாரா?

"எதுக்கு சார் இவ்வளவு கோபம்" என்று கீழே எழுத வராதீர்கள். கோபம்தான். இல்லாததை இருக்கு என்பவனுக்கு மாலை, தேடிப் பார்த்து இல்லை என்பவனுக்குக் கேலி. பெரியப்பாவுக்குத் தெரியாது, விட்டுவிடலாம். நேற்று பேசியவர் பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக்கொள்பவர். அவருக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தேதான் கைதட்டலுக்காகச் சொன்னார்.