தணிக்கை அறிக்கை அவைக்கு வரும் நாளை முடிவு செய்வது யார்?

அரசியலமைப்புச் சட்டத்தின் 151-ஆவது பிரிவில் இருப்பவை இரண்டே உட்பிரிவுகள். ஒன்றிய அரசின் கணக்குகள் குறித்த தலைமைக் கணக்குத் தணிக்கையரின் (சிஏஜி) அறிக்கை குடியரசுத் தலைவரிடம் அளிக்கப்பட வேண்டும், அவர் அதை நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கச் செய்ய வேண்டும் என்கிறது முதலாவது. ஆளுநர், சட்டமன்றம் என்று மாநிலங்களுக்கும் அதையே சொல்கிறது இரண்டாவது. எத்தனை நாளுக்குள் என்று இரண்டிலுமே ஒரு சொல் இல்லை.

குடியரசுத் தலைவரும் ஆளுநரும் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர்கள். ஆகவே, யாருடைய செலவில் குறை கண்டுபிடிக்கப்பட்டதோ அந்த அரசே அறிக்கையை எப்போது வெளியில் விடுவது என்பதையும் முடிவு செய்கிறது. ஒரு கட்சியை மட்டும் மனத்தில் வைத்து இதை எழுதவில்லை. கூட்டத்தொடரின் கடைசி நாளில் அறிக்கையை வைத்துவிட்டு, விவாதத்துக்கு இடமில்லாமல் அவையை ஒத்திவைக்கும் வழக்கம் ஆட்சிகள் மாறினாலும் மாறுவதில்லை.

துறைக்கு விளக்கம் அளிக்க அவகாசம் வேண்டாமா என்று கேட்பவர்கள், அறிக்கையில் ஒரு தணிக்கைப் பத்தி உருவாகும் விதத்தைப் பார்க்க வேண்டும். தணிக்கைக் குழுவினர் அலுவலகத்துக்கே வந்து உட்கார்ந்து, கிடங்கில் உள்ள பெட்டிகளை இருப்புப் பதிவேட்டுடனும், பதிவேட்டைக் கொள்முதல் ரசீதுகளுடனும் ஒப்பிடுகிறார்கள். கணக்கு உதைத்தால் அங்கேயே எழுத்தில் கேள்வி கேட்கிறார்கள். பதில் சரியாக இருந்தால் தணிக்கைத் தடை, அதாவது அவர்கள் எழுப்பிய ஆட்சேபம், அத்துடன் நீங்கிவிடுகிறது. நீங்காதவை ஆய்வறிக்கையில் ஏறுகின்றன. அவற்றிலும் கனமானவை மட்டும் வரைவுப் பத்தியாகித் துறைச் செயலாளருக்குப் போகின்றன, பதிலளிக்க வழக்கமாக ஆறு வாரம் தரப்படுகிறது. இத்தனை சல்லடைகளையும் தாண்டி அச்சாகி வந்த அறிக்கையை அதன் பிறகும் கோப்பில் வைத்திருக்க என்ன காரணம் சொல்ல முடியும்?

தாமதத்தின் முழு விலை அவைக்கு உள்ளேதான் தெரியும். அறிக்கை அவையில் வைக்கப்பட்ட பிறகே தணிக்கை அறிக்கைகளை ஆராயும் உறுப்பினர் குழுவான பொதுக் கணக்குக் குழு அதைக் கையில் எடுக்க முடியும். நாடாளுமன்றத்தில் அக்குழுவுக்கு 22 உறுப்பினர்கள். அமைச்சர் எவரும் அதில் இடம்பெற முடியாது. 1967 முதல் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவரே தலைவராக இருப்பது மரபு. இவ்வளவு கவனத்துடன் அமைத்த குழுவின் முன் சாட்சி சொல்ல வேண்டிய அதிகாரி அதற்குள் ஓய்வு பெற்றிருப்பார், ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணையும் போய்ச் சேர்ந்திருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும், அவை உரிமை மீறலாகும் தகவலுக்கு விலக்களிக்கும் 8(1)(இ) பிரிவைக் காட்டி மறுக்க இடமிருக்கிறது. அவையின் மாண்பைக் காக்க வந்த விதி, அவைக்கே தகவல் வராமல் தடுப்பவர்களுக்கு அரணாவதை என்னால் ஏற்க முடியவில்லை.

டெல்லியில் 14 அறிக்கைகள் பேரவைக்கு வராமல் கிடந்தன. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2025 ஜனவரியில் நீதிமன்றம் தாமதத்தைக் கண்டித்தது. ஆனால் சிறப்புக் கூட்டம் கூட்ட உத்தரவிடவில்லை. தேர்தல் முடிந்து ஆட்சி மாறிய பிறகு, பிப்ரவரி 25 அன்றுதான் முதல் அறிக்கை அவைக்கு வந்தது. அறிக்கைகள் எழுப்பிய கேள்விகளுக்குப் பதில் கேட்டிருக்க வேண்டிய பேரவையின் காலமே அதற்குள் முடிந்துவிட்டது.

பிரிட்டனில் 1866-லேயே இதற்கு வழி கண்டிருந்தார்கள். நிதித்துறை உரிய காலத்துக்குள் அறிக்கையை மக்களவையில் வைக்கவில்லை என்றால், தணிக்கையரே நேரடியாக வைக்க வேண்டும் என்று அந்த ஆண்டின் சட்டம் சொன்னது. 1949 மே 30 அன்று அரசியல் நிர்ணய சபையில், அரசியலமைப்பின் மிக முக்கியமான அதிகாரி தலைமைக் கணக்குத் தணிக்கையராகவே இருக்கக்கூடும் என்று அம்பேத்கர் பேசினார். அப்படிப்பட்டவரின் அறிக்கைக்கு நாமும் ஒரு கெடு வைக்கலாம்: அரசின் கைக்கு வந்த நாளிலிருந்து ஏழு அமர்வு நாட்கள். அவை கூடாத காலமாக இருந்தால் முப்பது நாளில் அவைத் தலைவரிடம் ஒப்படைத்து, அன்றே பொதுவெளியில் வெளியிட வேண்டும்.

ஒவ்வொரு அறிக்கையிலும் தணிக்கையர் கையொப்பமிட்ட நாள் இருக்கும். அவையில் வைக்கப்பட்ட நாள் தணிக்கைத் துறையின் இணையதளத்தில் இருக்கும். உங்கள் மாநிலத்தின் அடுத்த அறிக்கை வெளியாகும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இடையில் கழிந்த மாதங்களை எண்ணி, உங்கள் தொகுதி உறுப்பினரிடம் கேளுங்கள்.