சாமைக்கு மாறியும் எடை குறையலையா?

புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் இப்போ மளிகைக் கடைகளில் சாமையும் வரகும் சாதாரணமா கிடைக்குது. நல்ல விஷயம்தான். ஆனா "அரிசியை விட்டு மூணு மாசமாச்சு, ஒரு கிலோகூட இறங்கலையே"ங்கிற புலம்பலும் கூடவே கேட்குது. 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி, சாமையிலும் கிட்டத்தட்ட அதேதான். சாமையில் நார்ச்சத்து கூடுதல், அதனால் கொஞ்சத்திலேயே வயிறு நிறையும், அவ்வளவுதான் லாபம். தவிடு போக வெள்ளையா பாலிஷ் போட்டதை வாங்கினா அந்த லாபமும் போச்சு. பழுப்பா இருக்கறதைக் கேட்டு வாங்குங்க. ஒரு வேளைக்கு ஒருத்தருக்கு 50 கிராம், வேகவைக்கும் முன்னாடி அளந்து போடுங்க.

"கொழுத்தவனுக்குக் கொள்ளு"ன்னு பழமொழி சொல்லுது. நாமளோ வெந்த தண்ணியைக் குடிச்சுட்டு கொள்ளை ஒதுக்கிடறோம். 50 கிராம் கொள்ளில் 11 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கு, அதில் பெரும்பகுதி பருப்பில்தான் நிக்குது. ராத்திரியே ஊறப்போட்டு 8 மணி நேரம் விடுங்க. ஊறின தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணியில் 5, 6 விசில். விரலால் நசுக்கினா மசியணும். அரைவேக்காடா சாப்பிட்டா வயிறு உப்பிக்கும், ரெண்டாம் நாளே வேண்டாம்னு தோணிடும். வெந்த தண்ணியில் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு ரசம். கொள்ளைச் சுண்டலா தாளிச்சு மதியச் சோத்துக்கு முன்னாடி சாப்பிடுங்க. சோறு தானா குறையும்.

வெந்நீரில் தேன் குடிச்சா கொழுப்பு கரையாது. ஒரு டேபிள்ஸ்பூன் தேனே 60 கலோரி. நாட்டுச்சர்க்கரையும் கருப்பட்டியும் எடைக் கணக்கில் சர்க்கரைதான். செக்கு எண்ணெயும் மத்த எண்ணெய் மாதிரியேதான், ஒரு டேபிள்ஸ்பூன் 120 கலோரி. அதனால் கடலூர் முதுநகர் துறைமுகத்து மத்தியை வறுக்காம குழம்பு வையுங்க.

மனசு பதறுறது குடம்புளி மாத்திரைக்குத்தான். மீன் குழம்பில் ரெண்டு துண்டு குடம்புளி போடறது வேற. அதன் சாறைச் செறிவாக்கி, எடை குறைக்கற மாத்திரையா 'கார்சினியா'ன்னு விக்கறது வேற. அந்த மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவங்க உண்டு. "இயற்கைதானே"ன்னு தயவுசெஞ்சு வாங்கிப் போடாதீங்க.

நடக்க புதுச்சேரி கடற்கரைச் சாலையை விட என்ன வேணும்? சாயங்காலம் 6 மணிக்கு மேல வண்டித் தொல்லை இல்லை. பேச முடியணும், பாட முடியக்கூடாது, அந்த வேகத்தில் அரை மணி நேரம். முடிச்சதும் பஜ்ஜித் தட்டு வாங்கினா நடந்த கலோரி அப்படியே திரும்பிடும்.

வாரம் அரைக் கிலோ இறங்கினா போதும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கறவங்க மட்டும் டாக்டரைக் கேட்காம சோத்தைப் பாதியாக்காதீங்க. மருந்து அளவு பழையபடியே இருந்தா சர்க்கரை திடீர்னு இறங்கி, வேர்த்து, கை நடுங்கி, மயக்கம்வரை போயிடும்.