எனக்குச் சமயமானபோது

கன்வென்ஷன் கூட்டங்களில், இயேசுவிடம் வாருங்கள் என்று அழைப்புக் கொடுக்கும் நேரம் வந்தாலே எனக்கு மனசு பதறும். பிரசங்கம் முடிந்து கீபோர்டு மெதுவாக ஆரம்பித்ததும், பின்வரிசையில் பைபிள் உறையின் ஜிப்பை இழுக்கிற சத்தம் கேட்கும். சிலர் காலாலேயே செருப்பைத் துழாவுவார்கள். ஐந்து நிமிஷம் முன்னால் கண் கலங்கி உட்கார்ந்திருந்தவர்களும் அதில் உண்டு. கேட்டால், "மகளைக் கட்டிக்கொடுத்துட்டா அப்புறம் முழுசா ஆண்டவருக்குத்தான்" என்பார்கள்.

வேதத்தில் அப்போஸ்தலர் 24ஆம் அதிகாரத்தில் வரும் ரோம தேசாதிபதி பேலிக்ஸ் இப்படிப்பட்டவர்தான். செசரியாவில் கைதியாக நின்ற அப்போஸ்தலன் பவுல் நீதியையும் இச்சையடக்கத்தையும் இனிவரும் நியாயத்தீர்ப்பையும் பேசப் பேச, நியாயம் விசாரிக்கிறவருக்கே பயம் பிடித்துக்கொண்டது. ஆனாலும், "இப்பொழுது நீ போகலாம், எனக்குச் சமயமானபோது உன்னை அழைப்பிப்பேன்" என்று அனுப்பிவிட்டார். மாட்டேன் என்று சொல்லவில்லை, பாருங்கள். அப்புறம் அடிக்கடி அழைத்துப் பேசவும் செய்தார். ஆனால் அப்போது கண் பவுலிடம் பணம் கிடைக்குமா என்பதில் இருந்தது. முதல் நாள் வந்த அந்தப் பயம் மறுபடி வந்ததாக ஒரு வார்த்தைகூட இல்லை. இரண்டு வருஷத்தில் பதவி பொர்க்கியு பெஸ்துவுக்குப் போனது. யூதரின் தயவுக்காகப் பவுலைக் காவலிலேயே விட்டுவிட்டுப் போனார் பேலிக்ஸ்.

தள்ளிப்போடுகிறவர்கள் இருந்த இடத்திலேயே இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. போன வருஷம் அழவைத்த அதே வசனத்துக்கு இந்த வருஷம், "பிரசங்கியார் நல்லா பேசினார்" என்று மார்க் போட்டுவிட்டு எழுந்து போகிறோம். "உங்கள் இருதயங்களைக் கடினப்படுத்தாதிருங்கள்" என்ற வேதத்தின் எச்சரிப்பு இதற்குத்தான். ஞாயிறு பள்ளி, திடப்படுத்தல் (விசுவாசத்தைச் சபைமுன் உறுதிசெய்யும் சடங்கு), சபைப் பதிவேட்டில் பெயர் எல்லாம் இருக்கிற நமக்குத்தான் இந்த ஆபத்து அதிகம் என்று நான் நம்புகிறேன்.

"இயேசுவோடு சிலுவையில் தொங்கின கள்ளன் கடைசி நேரத்தில் இரட்சிக்கப்படவில்லையா?" என்பார்கள். அவன் அழைப்பைக் கேட்டுக் கேட்டுத் தள்ளிப்போட்டவன் என்று வேதம் எங்கே சொல்கிறது? அதோடு, அந்தப் பக்கம் தொங்கின இன்னொரு கள்ளனுக்கும் அதே கடைசி நேரம்தான், அதே இயேசுதான். அவனோ இயேசுவை நிந்தித்தான்.

பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரனோ, "இரட்சிக்கப்படுவதற்கு நான் என்ன செய்யவேண்டும்" என்று கேட்ட அந்த இராத்திரியிலேயே, அடிபட்டுக் காவலில் இருந்த பவுல், அவரோடு இருந்த சீலா இருவரின் காயங்களைக் கழுவினான். வீட்டாரோடு ஞானஸ்நானமும் பெற்றான். விடியட்டும் என்று காத்திருக்கவில்லை.

தெளிவாக ஜெபிக்கத் தெரியாதே என்று தயங்காதீர்கள். "தேவனே, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." இயேசு சொன்ன உவமையில் வரும் ஆயக்காரன், அதாவது வரி வசூலிக்கிறவன், சொன்னது அவ்வளவுதான், நீதிமானாக்கப்பட்டவனாக வீட்டுக்குப் போனான். மகள் கல்யாணம் அது பாட்டுக்கு நடக்கட்டும். இன்று ராத்திரி படுக்குமுன் இயேசுவிடம் இதைச் சொல்லிவிடுங்கள். யாரிடமாவது பேசவேண்டும் போலிருந்தால் இன்பாக்ஸில் எழுதுங்கள், எந்த நேரமானாலும் பதில் போடுகிறேன்.